பற்றவைத்த மெட்டி

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சர்க்கரை. என் மனைவிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது, எனக்குப் பதினொன்று. அந்த ஐந்து வருஷ சீனியாரிட்டியை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். மூட்டு தேய்ந்த காலை இழுத்துக்கொண்டு நான் பின்னால் போவேன்.

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பஸ் மாறி, கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் மணி ஏழாகிவிடும். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி வாசல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன டப்பாவைத் திறக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். அந்தப் பெஞ்சில் யார் டப்பாவைத் திறந்தாலும் இட்லிதான் இருக்கும். வீட்டில் ஆறு இட்லி சாப்பிடுகிற நான் அன்றைக்கு மட்டும் இரண்டோடு கையைக் கழுவுவேன். முந்தின நாலு நாளும் டீக்கு ஜீனி வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். எல்லாம் டாக்டரம்மாவிடம் நல்ல பெயர் வாங்கத்தான். உள்ளே போனதும் என் மனைவி போட்டுக்கொடுத்துவிடுவாள்.

"இவரு நாலு நாளா நடிக்கிறாரு டாக்டரம்மா. நீங்க இன்னைக்கு வந்த கணக்க நம்பாதீக."

என் உடம்பில் எது நடந்தாலும் ஊருக்குச் சொல்லுகிறவள், தன் காலை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

போன பங்குனியில் அவள் சாக்ஸ் போட ஆரம்பித்தாள். மகள் காலேஜுக்குப் போட்டுப்போன பழைய சாக்ஸ். எங்கள் வீடு மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிறது. பங்குனியில் குடிதண்ணீரே கொதிக்கும். "என்ன, வீட்டுக்கு ஏசி போட்டுட்டியா? எனக்குச் சொல்லவே இல்ல?" என்று கேலி செய்தேன். "காலு எரியுது, மண்ணு பட்டாக் கூசுது" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அந்த மாதங்களில் என் மூட்டு வலியைத் தவிர வேறு எதற்கும் என் மனதில் இடம் இருக்கவில்லை. காலையில் எழுந்ததும் தைலம், மதியம் ஒத்தடம், சாயங்காலம் புலம்பல். அத்தனையும் செய்து கொடுத்தவள் அவள்தான், சாக்ஸ் போட்ட காலோடு.

வைகாசியில் போனபோது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் பாதத்தைக் காட்ட வேண்டும். அவளைப் படுக்க வைத்து, சாக்ஸைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லி, நர்ஸ் பெண் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துப் பாதத்தில் தொட்டாள். "தொடறப்போ தெரியுதுன்னு சொல்லுங்கம்மா" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியுது" என்றாள் என் மனைவி. மறுபடியும் "தெரியுது". நர்ஸ் இழையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். அப்போதும் "தெரியுது" என்று குரல் வந்தது. குதிகாலில் இழை வளைகிற அளவுக்கு அழுத்தியபோது அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளையாக, குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

வலது காலில் மெட்டி போட்ட விரல் பக்கத்து விரலைப் போல இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. வெள்ளி கண்ணுக்கே தெரியாதபடி சதை மூடியிருந்தது. இடுக்கிலிருந்து நீர் கசிந்து, சாக்ஸின் உள்பக்கம் காய்ந்து மொடமொடப்பாகிக் கிடந்தது. இடது கால் விரலும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. இது எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். "ரெண்டு மாசம் இருக்கும். வலிக்கவே இல்லம்மா, அதான் பேசாம இருந்தேன்" என்றாள்.

"வலிக்காததுதாம்மா வியாதியே" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு மெட்டியையும் இப்பவே வெட்டி எடுக்கணும். புண்ணு எலும்புக்குப் போயிருச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதுக்கும் மேல போனா எங்க நிக்கும்னு எனக்கே தெரியாது."

நர்ஸ் மோதிரம் வெட்டுகிற சின்னக் கருவியைக் கொண்டுவந்தாள். என் மனைவி இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"விரலு போனாப் போகுது. இவரு இருக்கும்போது மெட்டியக் கழட்ட மாட்டேன்."

டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். நான் கத்தியே விட்டேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் மாத்திரை எழுதிக் கொடுத்து, கட்டுப் போட்டு, மறுநாள் காலை வந்தே ஆக வேண்டும் என்று அனுப்பினார்கள்.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லித் தள்ள என்னால் முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தில் எனக்கும் பங்கு இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது தாலிக்கயிற்றை மட்டும் விட்டுவிட்டு, மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணியில் முடிந்து கொடுத்தார்கள். அதே நாள் மத்தியானம், நான் வேலை பார்த்த கப்பலூர் கம்பெனியில், தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் என் இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவள் முதலில் பார்த்தது என் கைக்கட்டைத்தான். மெட்டியைக் கழற்றிய ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று அவள் அழுத அழுகையில் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ்மார் பயந்தார்கள்.

"இனிமே இந்த மெட்டி செத்தாலும் கழலக் கூடாது" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வீட்டுக்கு வந்த வாரம், கைக்கட்டோடு பட்டறைக்குப் போய், இரண்டு மெட்டியின் வாயையும் சேர்த்துப் பற்றவைத்து, அரம் போட்டு, சந்தே தெரியாமல் மெருகேற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். சோப்பு நுரை தடவி விரலில் ஏற்றிக்கொண்டாள். வாய் திறந்த மெட்டியாக இருந்திருந்தால் விரல் வீங்கும்போது அதுவும் கொஞ்சம் விலகிக் கொடுத்திருக்கும். விலக விடாமல் அடைத்தவன் நான். அப்போது என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் உட்காரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் அழுதாள், பிறகு திட்டினாள். "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று என் மனைவி போனை வைத்துவிட்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுப் பிடுங்கியவர். எங்கள் குடும்பத்தில் முதலில் மெஷினைத் தொட்டவன் நான். நல்ல வேலைக்காரன் என்ற பெயர்தான் என் சொத்து. அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழுவதைக்கூட என்னால் தாங்க முடியாது.

"இந்தா, ஒண்ணு சொல்றேன், கேளு" என்றேன். "அன்னைக்கு மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல."

"நீங்கதான சொன்னீக, மெஷினு தானா இறங்கிருச்சுன்னு?"

"பொய் சொன்னேன். கை உள்ள போகாம இருக்க முன்னாடி ஒரு தடுப்பு இருக்கும். அத நான்தான் கழட்டி வச்சேன். அது இருந்தா வேல மெதுவா நடக்கும். நாலு மணிக்குத்தான் உன்னப் பார்க்க விடுவாங்கன்னு சொன்னாக. அதுக்குள்ள முடிச்சுட்டு ஓடி வரணும்னு அவசரம். உன்ன உள்ள கொண்டுபோன நெனப்பாவே இருந்துச்சு. கைய எங்க வச்சேன்னு பார்க்கல. மெட்டி ஒண்ணும் பண்ணல. நான் பண்ணுனது."

அவள் என் இடது கையைப் பிடித்து, நுனி போன விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கூறுகெட்ட மனுசா! நான் என்ன அங்கிட்டு ஓடியா போயிருவேன்? அரைமணி நேரம் பிந்தி வந்தா என்ன? இருபத்தி ரெண்டு வருசமா என்னய இப்படி நம்ப வச்சிருக்கீகளே!"

திட்டு நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன். பிறகு எழுந்து போய் சோற்றை எடுத்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நாளைக்குப் போவோம். ஆனா போட்டவுகதான் எடுக்கணும். அந்த நர்சுப் பிள்ள கை வைக்கக் கூடாது."

மறுநாள் டாக்டரம்மாவுக்கு இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. முப்பது வருஷம் உலோகம் வெட்டிய கை என்று நான் கெஞ்சியதில், நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். என் மூட்டு தரையில் உட்கார விடாது. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் காலை என் மடியில் தூக்கி வைத்தேன். புருஷன் மடியில் கால் வைப்பதாவது என்று அவள் கூச்சத்தில் நெளிந்தாள். கல்யாணத்தன்று அம்மிமேல் தூக்கி வைத்து மெட்டி போடப் பிடித்த பாதம். அதற்கப்புறம் நாற்பத்தோரு வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை, அவள் தொடவிட்டதும் இல்லை.

கருவியின் மெல்லிய தகட்டை வெள்ளிக்குக் கீழே நர்ஸ் செருகிக் கொடுத்தாள். நான் சின்னச் சக்கரத்தைத் திருகினேன். நான் பற்றவைத்த இடம் எங்கே என்று தேடிப் பார்த்தேன். அந்த இடம் கெட்டியாக இருக்கும் என்று தெரிந்ததால் அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வெட்டினேன். ஒருமுறை சக்கரம் நழுவிச் சதையில் உரசிவிட்டது. பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "கண்ணத் துடச்சுட்டு வெட்டுங்க ஐயா" என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்.

இரண்டும் வந்துவிட்டன. வலது விரலில் மெட்டி இருந்த இடம் பள்ளமாக, வெள்ளையாக ஊறிப்போய் இருந்தது. எலும்புக்குப் போயிருக்கிறதா என்று உடனே சொல்ல முடியாது, ஆறு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆறினால் விரல் தங்கும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் டிவிஎஸ் வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டாள். நான் சொன்னதை முழுக்க நம்பிவிட்டதாகச் சொன்னாள். "நம்பிட்டேன். இருந்தாலும் புண்ணு ஆறுற வரைக்கும் நீங்க வாசப்படி தாண்ட வேணாம்" என்றாள். காய்கறி, பால் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக் கொடுத்தாள். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வருவாள். லாரி பக்கத்தில் வந்தால் பிடி இறுகும். "என்ன மாப்ள, ஆளையே காணோம்?" என்று பழைய கூட்டாளி போன் செய்தால், மூட்டு வலி என்று சொல்லிவிடுவேன். வாயாடியான நான் பேசாமல் ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். தினமும் காலையில் அவள் காலை மடியில் வைத்து, கட்டு நனைந்திருக்கிறதா, மற்ற விரல்கள் எப்படி இருக்கின்றன என்று நான் பார்ப்பேன். அந்த நேரம் முழுக்க அவள் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள்கூடத் தன் விரலைக் குனிந்து பார்க்கவில்லை. மெட்டி இல்லாத விரலைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, அமுக்கிப் பார்த்து, எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

"விரல் பொழச்சுருச்சும்மா. எடுக்க வேண்டியதில்ல. ஆனா மெட்டி மட்டும் இனிமே எப்பவும் வேண்டாம்."

நான் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மனைவி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவரையும் ஒரு தடவ நல்லாப் பாத்துருங்க டாக்டரம்மா. ஆறு வாரமா என் காலுல ஒண்ணும் இல்லாமக் கெடக்கு."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என் புஜத்தில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். அவ்வளவு நேரமும் என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவுக்குப் புதுசா ஒரு குறையும் இல்லம்மா. நல்லா இருக்காரு."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் குனிந்து தன் விரலைப் பார்த்தாள்.