சுரேந்தருக்கு ஏற்ற துப்பாக்கி

செரினாவின் பதக்கங்கள் சிங்கப்பூரில், பாசிர் ரிஸ் வீட்டில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. பள்ளி நாட்களில் துப்பாக்கி சுடுவதில் அவளை வெல்ல ஆளில்லை. டாரியஸைக் கைப்பிடித்ததும், மாமியார் முகம் சுளித்த ஒரே நாளில் எல்லாம் முடிந்தது.

டாரியஸ் மட்டும் ஆண்டுதோறும் அலுவலக நண்பர்களோடு நியூசிலாந்துக்கு மான் வேட்டைக்குப் போனான். அங்கே வாடகைத் துப்பாக்கிதான். எதைக் கேட்டு வாங்குவது என்று சொல்லித்தருவது செரினா. அவன் கிளம்பும் முன் அந்த ஒரு வாரம் அவளுக்கு மறுபடி பதினாறு வயது!

போன ஆண்டு அவன் கேட்டான்: “ஆபீஸ்ல சுரேந்தர்னு புதுசா ஒருத்தன், அவனும் வர்றான். ரொம்பச் சின்ன உருவம். என்ன கன் எடுக்கலாம்?”

“முழங்கையை மடக்கி, துப்பாக்கிக் கட்டையோட அடியை அந்த மடிப்புல வைக்கச் சொல்லுங்க. விரல் ட்ரிகரை எட்டணும். எட்டலைன்னா கட்டை நீளம். மலை ஏறணும்ல, மூணு கிலோவுக்கு மேல வேணாம். ஆனா லேசா இருந்தா தோள்ல உதைக்கும், அதையும் சொல்லிடுங்க.”

முகம் தெரியாத ஒருவனுக்காக எவ்வளவு அக்கறை!

இந்த ஆண்டு அவர்களுக்குத் திருமண வெள்ளி விழா. தேவாலயத்தில் திருப்பலிக்குப் பிறகான விருந்துக்கு ஆட்டிறைச்சி சொல்லி வைக்கத் தேக்கா சந்தைக்குப் போனாள். கறிக்கடை வரிசையில் நின்ற ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“டாரியஸ் சார் வைஃப்தானே? அவர் டேபிள்ல உங்க போட்டோ பார்த்திருக்கேன். நான் சுரேந்தர்.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஆறடிக்கு மேல் இருந்தான்.

“வேட்டைக்குப் போன சுரேந்தரா? ஆபீஸ்ல வேற யாரும்...?”

“சுரேந்தர் ஒரே பீஸ்தான் அக்கா! வேட்டையா, நானா? கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே கத்துவேன் லா. சார்கூட எங்க ஆபீஸ் திவ்யதர்ஷினிதானே போனா? குட்டச்சி, துப்பாக்கியோட போட்டோ எல்லாம் காட்...”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாலையில் டாரியஸ் கைப்பேசியோடு வந்து உட்கார்ந்தான்.

“செரினா, போன தடவை சுரேந்தருக்குத் தோள் கன்னிப்போச்சாம். இந்தத் தடவை கொஞ்சம் வெயிட்டா எடுக்கலாமா?”

கன்னிப்போன தோள்! அவளுக்கு நெஞ்சே கன்னிப்போயிருந்தது. எழுந்து போய்த் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள்.

“வெயிட் மட்டும் பத்தாது. கட்டை தோள்ல சரியாப் பொருந்தணும். நாளைக்கு வரச் சொல்லுங்க, நானே அளவு எடுக்கறேன்.”

“அவன் லீவுல...”

“சுரேந்தரைக் காலையிலேயே பார்த்துட்டேன். நான் கேக்கறது திவ்யதர்ஷினி தோளை.”

வெள்ளி விழா அழைப்பிதழ்க் கட்டின்மேல் டேப்பை வைத்தாள். பிஸ்கட் டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழிட்டாள்.