நான் நிறுத்திய வயிற்று மாத்திரை

காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் கைக்குத் தடவும் ஹேண்ட் ரப் வாசமும் மைலோ பானத்தின் வாசமும் கலந்து வரும்... இன்றும் அது மூக்கில் ஏறினால் எனக்குப் பழைய ஞாபகம் வரும்.

ஹவுஸ் ஆபீசராக, அதாவது பயிற்சி டாக்டராக, சேர்ந்த முதல் வருடம். காலில் புண்ணோ, காய்ச்சலோ, யார் அட்மிட் ஆனாலும் மருந்துப் பட்டியலில் ஒமிபிரசோலையும் சேர்த்துவிடுவோம். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. ஏன் என்று கேட்டால் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. சீனியர் எழுதினார், நாங்களும் எழுதினோம், அவ்வளவுதான்.

ஒருநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரான கன்சல்டன்ட் பிடித்துக்கொண்டார்.

"இதென்ன மிட்டாயா, ஆளுக்கு ஒண்ணு குடுக்க?"

எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கோ ரோஷம் அதிகம். அன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆன அத்தனை பேருக்கும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். அதில் பெருமை வேறு!

நாலு நாள் கழித்து, பாக்கி டிஸ்சார்ஜ் சம்மரிகளை எழுதி முடிக்க உட்கார்ந்தேன். கோவிந்தசாமி அங்கிள்... பாசிர் ரிஸ்காரர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், காலில் இன்ஃபெக்‌ஷன் என்று வந்து, அன்று நான் மாத்திரையை நிறுத்தி அனுப்பியவர்களில் ஒருவர். அவருடைய பழைய மருத்துவக் கடிதம் ஒன்றைத் திறந்தால்... முன்பே வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் வேறு, அதுவும் வயிற்றைப் புண்ணாக்கும். அவருக்கு அந்த மாத்திரை கட்டாயம் வேண்டும். மறுபடி கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரே இரைச்சல்.

"ஹலோ, யாரு? தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிக்கிட்டு இருக்கேன்!"

"அங்கிள், ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் பேசுறேன். மோஷன் கறுப்பா போகுதா? தலை சுத்துதா?"

"மோஷனா? அதெல்லாம் நல்லாத்தான் போகுது, டாக்டர்!"

அவர் பக்கத்தில் யாரோ சிரிப்பது எனக்கே கேட்டது.

"அங்கிள், அந்த வயித்து மாத்திரைய நான் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

"அதுவா? வீட்ல இன்னும் ரெண்டு பாக்கெட் இருக்கு லா. வேஸ்ட் பண்ணுவானேன்? முடிச்சிட்டு நிறுத்தலாம்னு தினம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்பாடா! அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்காத ஒரு மனுஷரை மனசார வாழ்த்தியது அன்றைக்குத்தான். "நிறுத்தவே நிறுத்தாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, நானே போய்க் கன்சல்டன்டிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அங்கிளுக்குப் புது மருந்துச் சீட்டு அன்றே போனது.

இப்போது நான் சீனியர். போன வாரம் என் டீமில் ஹவுஸ் ஆபீசராக இருக்கும் பெண் ஒரு ஆன்ட்டிக்கு ஒமிபிரசோலை நிறுத்தியிருந்தாள். எனக்குப் பக்கென்றது.

"பழைய லெட்டர்ஸ் பாத்தியா?"

"பாத்துட்டேன் டாக்டர். ப்ளீடிங் இருந்ததில்ல, ஆஸ்பிரின் இல்ல. அவங்க வழக்கமா போற பாலிகிளினிக்லயும் கேட்டுட்டேன். ஏன் ஆரம்பிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியல."

எங்கள் கூட்டத்தில் ஒருத்தருக்காவது அன்று இப்படிக் கேட்கத் தோன்றியதா? அந்த வயசும் அந்தக் குருட்டுத் தைரியமும் திரும்ப வராதா என்று சில சமயம் ஆசையாகத்தான் இருக்கிறது...

ஆனால் அவள் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம், யாருக்கும் போன் போடாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.