செயலாளர் கொடுத்த ஸ்ட்ரைக்கர்

என் கைப்பையின் சின்ன அறையில் மஞ்சளேறிய கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்று பல வருடம் கிடந்தது. ராயபுரத்தில் எங்கள் கேரம் கிளப்பின் செயலாளர் கொடுத்தது. அன்பளிப்பு என்றார். எனக்கு வரவேண்டிய வேலைக்கு அவர் போட்ட வாய்க்கரிசி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பெண்கள் பிரிவில் ஜெயிப்பவளின் பெயரை விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குக் கிளப் அனுப்பும் என்று சொல்லியிருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே கிளப் தலைவரின் மகள். ஆட்டத்துக்கு முன்னால் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, பவுடர் டப்பாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: "தலைவர் பொண்ணு ஆடுது. கொஞ்சம் அடக்கி வாசி. அடுத்த வருசம் உன்னிய நான் பாத்துக்கறேன்."

அடக்கி வாசி என்பது எங்கள் வீட்டில் மரியாதையான சொல். டோலக் வாசிக்கும் என் தம்பிக்கு, பாடுகிறவர் குரல் எடுபடுவதற்காக விரலை மெதுவாக்குவது அது. தெரு நாடகத்தில் நான் அழுது புரண்டபோது, "அடக்கி வாசி, பாக்குற ஜனம் அழட்டும்" என்றார் எங்கள் இயக்குநர். செயலாளர் வாயில்தான் அதற்குத் தோற்றுப்போ என்று அர்த்தம் வந்தது. கலீஜான ஆள்.

நான் அடக்கவில்லை. கடைசி போர்டில் ரெட் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டு ஜெயித்துவிட்டு எழுந்தேன். கைதட்டியவர்களில் அவரும் உண்டு. மறுவாரம் வேலைக்குப் போன பெயர் தலைவர் மகளுடையது. கேட்கப் போன என் கையில் தன் ஸ்ட்ரைக்கரைத் திணித்து, "ஆட்டம் வேற, வேலை வேற. இத வச்சிக்கோ" என்றார். அவள் இன்று ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இறால் கம்பெனியில் ஐஸில் கைவிட்டு உரித்துக்கொண்டிருக்கிறேன். மரத்துப்போன இந்த விரலால் ஒரு காயைக்கூட நேராகத் தள்ள முடியாது. மன்னிக்கிற பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லை.

போன மாதம் செயலாளர் செத்துப்போனார்; அவருக்குப் படத்திறப்பு. கானாவுக்கு டோலக் வாசிக்கத் தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் போனேன். பாட்டுக்கு நடுவே, பழைய சாம்பியன் என்று மைக்கை நீட்டிய அவர் மகன் என் காதருகே குனிந்தான். "யக்கா, நைனாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை. பழசெல்லாம் வாணாம், கொஞ்சம் அடக்கி வாசிக்கா."

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பின்னால் டோலக் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டு என்று மகன் தம்பிக்குக் கைகாட்டினான். தம்பி என்னைப் பார்த்தான், விரலை மெதுவாக்கினான். என் குரல் தெருமுனை மீன்கடை வரைக்கும் கேட்டது. பேசி முடித்து, மாலை போட்ட படத்தின் கீழே அந்த ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு வந்தேன். அவர் கொடுத்தது, அவரிடமே இருக்கட்டும்.