அறுந்து விழ ஒரு சங்கிலி

புதிதாக எதையாவது வரையப்போகிறோம் என்று நம்பித்தான் நாம் எல்லோரும் நகை வடிவமைக்க வருகிறோம். வந்த பிறகுதான் தெரிகிறது, யாரும் நம்மிடம் நகை கேட்டு வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரியின் நகையைக் கேட்டு வருகிறார்கள். சங்கரன்கோவிலில் சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் என் மேசை, மடிக்கணினி, பென்சில்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் பேச்சிமுத்து அண்ணாச்சியின் பட்டறை. நான் வரைவேன், அவர் செய்வார். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதிப் பாதியைக் கேட்ட அதிர்ச்சி எனக்கே இன்னும் தீரவில்லை.

யாரு போட்டிருக்கா

ஜெயராணி எனக்கு அடுத்த கடை. கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலை செய்கிறவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் பாட்டு வைத்தால் எனக்கும் கேட்கும். ஒரு ரவிக்கையில் போட்ட மயிலை இன்னொன்றில் போடமாட்டாள். போடச் சொன்னால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் தன் தங்கை கல்யாணத்துக்கு ஜிமிக்கி வேண்டும் என்று வந்து, கைபேசியில் அத்தை மகளின் காதை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள். இதேதான் வேண்டுமாம். ஒரு முத்துகூட மாறக் கூடாதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறுமையாக உட்கார்ந்து, அவளே ரவிக்கைக் கைகளில் தைக்கிற ஒரு கொடியை எடுத்து, அது காதிலிருந்து வளைந்து இறங்குவதுபோல ஒரு ஜிமிக்கி வரைந்தேன். நெடுநேரம் பார்த்தாள். கொடி தன்னுடையது என்று கண்டுகொண்டு விரலால் தடவினாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

“நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா இது யாரு போட்டிருக்கா?”

ஆணியும் எடைக்கல்லும்

அண்ணாச்சியின் பட்டறைச் சுவரில் ஒரு தடித்த ஆணி உண்டு. தாலிச் சங்கிலி செய்து முடித்ததும் அதை அந்த ஆணியில் மாட்டி, கீழ் முனையில் பழைய எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது கல் தொங்கிக்கொண்டிருந்தால்தான் மெருகு. மற்ற நகைகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. தாலிச் சங்கிலிக்கு மட்டும்தான்.

அதைப் பற்றிப் பேசுவதற்கும் அவரிடம் சட்டம் இருந்தது. நான் கடை தொடங்கிய புதிதில், பழுதுபார்க்கச் சங்கிலி கொண்டுவந்த ஓர் அம்மாளிடம் எந்த இடத்தில் அறுந்தது என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அண்ணாச்சி உள்ளேயிருந்து ஓடிவந்து, சங்கிலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘பெருகிடுச்சா, சரி பண்ணிருவோம்’ என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார். அந்த அம்மாள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து என் பக்கம் திரும்பினார்.

“தாலிச் சங்கிலி தேயும், பெருகும். நீ சொன்னது மட்டும் அதுக்கு நடக்காது. பட்டணத்துல போயிப் படிச்ச புள்ளைக்கு இதைச் சொல்லித் தரலியா?”

செல்வி கேட்டது

செல்வியை ஜெயராணிதான் அழைத்துவந்தாள். விசைத்தறிக் கூடம் ஒன்றில் தறி ஓட்டுகிறவள். சேலைக் கரைகளையும் கட்டம் போட்ட தாளில் அவளே வரைந்து கொடுக்கிறாள். அன்று கட்டியிருந்த சேலையின் கரையில் வேப்பம்பூ மாதிரி ஒரு வரிசை ஓடியது. அது தன்னுடையதுதான், ஆனால் கடைகளில் அதற்கு முதலாளி மகளின் பெயர் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது. அந்த வேப்பம்பூவையே ஒரு பதக்கமாக வரையலாம் என்று பென்சிலைக் கையில் எடுத்தேன். அவள் கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியை முன்னால் இழுத்துப் பிடித்து, இதே மாதிரி ஒன்று, ஆனால் இழுத்தால் அறுந்து விழுகிற மாதிரி செய்துதர முடியுமா என்று கேட்டாள். தடுப்புக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் நின்றது.

அவளுக்கு அடுத்த தறியில் வேலைசெய்யும் பெண் நூல் பிணைக்கக் குனிந்திருக்கிறாள். ரவிக்கைக்குள் ஊக்கு போட்டு மாட்டியிருந்த சங்கிலி எப்படியோ வெளியே வந்து பல்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. சக்கரம் சுற்றச் சுற்ற அவள் முகம் தறியை நோக்கிப் போனது. யாரோ ஓடி மோட்டாரை நிறுத்தியதால் பிழைத்தாள். இப்போது அவளுக்குக் குரல் இல்லை, காற்று மாதிரிதான் பேச்சு வருகிறது. செல்வி இதையெல்லாம் சேலைக் கரையை விளக்கிய அதே குரலில் சொன்னாள்.

சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கலாமே என்றேன். ஒரு நாள் செல்வி கழற்றி வைத்தாளாம். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மஞ்சள் கயிறு என்றேன். கயிறு சங்கிலியைவிட முரடு, லேசில் அறாது என்றாள்.

“குறுக்க ஓடுற ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுரும்க்கா. ஆளு மாட்டினா நிக்காது.”

அண்ணாச்சி முதுகைக் காட்டினார்

அன்று அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் பட்டறைக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை வந்தபோது நான் வரைந்ததை அவர் முன்னால் வைத்தேன். சங்கிலி அவருடையது, எப்போதும்போல உறுதியானது, கல்லும் தொங்கட்டும். பின்கழுத்தில் இரு முனைகளையும் சேர்க்கிற எஸ் கொக்கி மட்டும் மெலிந்த கம்பி. வெடுக்கென்று இழுத்தால் கொக்கி நிமிர்ந்து திறந்துகொள்ளும், சங்கிலி முழுசாகக் கீழே விழும். சங்கிலிக்கு ஒன்றும் ஆகாது என்பதை நான் இரண்டு தடவை சொன்னேன்.

அவர் வரைபடத்தைக் கையில் வாங்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையில் கிடந்த தாளைக் குனிந்து பார்த்தார். குரல் போன அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். சொன்னேன். அவளுடைய கல்யாணச் சங்கிலி அவர் செய்தது. கல் கட்டித் தொங்கவிட்டது. முக்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“சங்கிலிய நான் செய்யுதேன். கொக்கிய நீயே வளைச்சுக்கோ. நான் இந்தப் பக்கமாத்தான் உக்காந்திருப்பேன்.”

என் கழுத்தில் ஒத்திகை

கம்பி எவ்வளவு மெலியலாம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நகை அறாமல் இருக்க வேண்டிய கணக்குதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். மெலிந்தால் குனியும்போதே விழும். தடித்தால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். வேறு வழியில்லாமல் ஒரு பித்தளைச் சங்கிலியில் கொக்கிகளை மாற்றி மாற்றி மாட்டி, என் கழுத்திலேயே போட்டுப் பார்த்தேன். இழுக்கிற வேலை ஜெயராணிக்கு. முதல் கொக்கி நான் கீழே கிடந்த சாவியை எடுக்கக் குனிந்தபோதே கழன்றது. அடுத்ததை அவள் முன்னாலிருந்து பிடித்து இழுத்தாள். கொக்கி அசையவில்லை, நான்தான் மேசைமேல் போய் விழுந்தேன். ஒரு நொடி மூச்சு நின்றது. விளையாட்டுக்காகத் தோழி இழுத்த ஒரு நொடி.

பின்கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயராணி பதறுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கோட்டை, தையலைப் பார்ப்பதுபோல, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“வலிக்குதாக்கா? அப்ப இது இன்னும் சாதாரணத் தாலிச் சங்கிலிதான். அடுத்ததை மாட்டுங்க.”

டீ வாங்கிக் கொடுத்தவர்

சங்கிலியை வாங்க செல்வி தன் கணவனோடு வந்தாள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மரியாதை. வந்ததும் எங்கள் எல்லோருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெயராணிக்கும் சேர்த்து, டீ சொன்னார். கொக்கியைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை என்று செல்வி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். பழைய சங்கிலி தேய்ந்துவிட்டது என்பதுதான் அங்கே சொன்ன காரணம்.

கணவர் சங்கிலியை எடுத்து, நடுவில் ஒரு சாண் நீளத்தை இரண்டு கைவிரல்களிலும் சுற்றிக்கொண்டு வெட்டி இழுத்தார். சங்கிலி தாங்கியது. கொக்கி அவர் கைக்கு வெளியே, மேசைமேல் கிடந்தது. நான் மூச்சை விட்டேன். உறுதியாக இருக்குமா என்று அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டார். சங்கிலி தன் வேலை என்றும், சங்கிலிக்குத் தான் பொறுப்பு என்றும் மட்டும் சொல்லிவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். செல்வியின் கணவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“கழுத்துல ஏத்துனது ஏத்துனபடியே கெடக்கணும் அண்ணாச்சி. நமக்கு அதான் வேணும்.”

நிமிர்ந்த கொக்கி

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு மதியம் செல்வி தனியாக வந்தாள். ஒரு துண்டுத் துணியை மேசையில் வைத்து விரித்தாள். உள்ளே சங்கிலி முழுசாக இருந்தது. கொக்கி திறந்து ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது. எனக்கு முதலில் வந்தது பெருமைதான். சுவரைத் தட்டி ஜெயராணியைக் கூப்பிட்டேன். எந்தச் சக்கரத்தில் மாட்டியது, தறியை யார் நிறுத்தியது என்று அடுக்கிக்கொண்டே போனேன். செல்வி நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“தறியில இல்லக்கா. வீட்ல.”

கரை வரைகிற வேலையை மட்டும் பார், தறி ஓட்ட வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவர் மேசைக்கு எதிரில் உட்கார வேண்டிய வேலை. கணவனுக்கு அது பிடிக்கவில்லை. பேச்சு முற்றி, எப்போதும் பிடிப்பதுபோலச் சங்கிலியைக் கைமுட்டியில் சுற்றி இழுத்திருக்கிறான். ‘எப்போதும்’ என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. சங்கிலி அவன் கையோடு போய்விட்டது. அவன் அதைக் கீழே போட்டுவிட்டு, கட்டிய தாலி அறுந்துவிட்டதே என்று பேயடித்தவன்போல நின்றான். அவள் அதைப் பொறுக்கிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக நடந்து, திருவேங்கடம் போகிற பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது அங்கிருந்துதான் வேலைக்கு வந்து போகிறாள். அடுத்த தறிப் பெண்ணுக்கு நடந்ததும் உண்மைதான். ஆனால் தன்னால் வெளியே சொல்ல முடிந்தது அது ஒன்றுதான் என்றாள். இனி என்ன செய்வது என்று அவள் முடிவு செய்யவில்லை. அதுவரை வெறுங்கழுத்தோடு போய் ஆளாளுக்குப் பதில் சொல்ல முடியாது, அதே கொக்கி வேண்டும் என்றாள்.

ஜெயராணி எழுந்து போய்க் கடை வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள். எனக்கு என் பின்கழுத்தில் அந்தக் கோடு மறுபடி எரிவதுபோல இருந்தது. அப்போதுதான் அண்ணாச்சி தடுப்பைத் தாண்டி வந்து நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவர்களில் அவரும் ஒருவர். என் உள்ளங்கையிலிருந்த கொக்கியை எடுத்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு செல்வியிடம் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் மெலிசா அடிக்கட்டுமா தாயி?”

மறுபடியும், யாரு போட்டிருக்கா

அதிலிருந்து கொக்கி வேலை அண்ணாச்சியுடையது. ஆணியும் எடைக்கல்லும் சங்கிலிக்கு மட்டும் இருக்கின்றன. செல்வி இப்போது தறி ஓட்டுவதில்லை. முதலாளியின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கரை வரைகிறாள். முதலில் அவளுடைய கூடத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். பிறகு மற்றக் கூடங்களிலிருந்து. பிறகு, இளையரசனேந்தல் பக்கமிருந்து ஒரு டீச்சர். யாரும் படம் கேட்கவில்லை, மாதிரி கேட்கவில்லை. செல்வி போட்டிருக்கிறாளே அந்தக் கொக்கி என்கிறார்கள். வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து, அதன்மேல் நிஜம்போல ரோஜாக்கள் பிழிகிற ஒரு பெண்ணும் வந்து அதையே கேட்டாள். மாவு அடிக்கிற இயந்திரத்தில் மாட்டிவிடுமோ என்று பயமா என்று விசாரித்தேன். இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். அவள் ரோஜாக்களின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்த கைபேசியைத் தாழ்த்தினாள்.

“மாவெல்லாம் கையாலதான்க்கா அடிக்கேன். எங்க வீட்ல மெஷினு எதுவும் கெடையாது.”

ஆக, பக்கத்து வீட்டுக்காரி போட்டிருக்கிறாள் என்று ஊரே கேட்டு வாங்குகிற ஒரு வடிவத்தைக் கடைசியில் நானும் வரைந்துவிட்டேன், ஆனால் அது பின்கழுத்தில் முடிக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டியது என்பதால் கடைப் பலகையில் படம் போட முடியவில்லை.