ரோஜாக்களுக்குப் பின்னால் ஒரு ஜெபம்

ஆகஸ்ட் 2, 2025, சனிக்கிழமை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர், புதுக்கடைச் சந்தையில் மீன், அதன்பின் எங்கள் சபையின் இணையதளத்தில் மறுநாள் ஆராதனை ஒழுங்கை ஏற்றுவது. சனிக்கிழமைகளில் இந்த வரிசை மாறாது.

மறுநாள் பெண்கள் ஞாயிறு. பெண்கள் ஐக்கியம் எழுதிய மன்றாட்டு ஜெபத்தை நடத்த என் பெரியப்பா மகளைச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நாகர்கோவிலில் வங்கி வேலை. இதுவரை அவளைப் பாடத்தான் அழைத்தார்கள். ஜெபம் நடத்துவது முதல்முறை. பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்வதாக இருந்தாள்.

அவளுடைய கைபேசி திரையிலுள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும். ஐக்கியமோ ரோஜா ஓரமும் புறாவும் இல்லாமல் ஒரு தாளும் அனுப்பாது, அதுவும் படமாக. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கைபேசியால் வாசிக்க முடியாது. ஆகவே திரையில் தெரியாமல், கைபேசி மட்டும் அவளுக்கு வாசித்துச் சொல்லும்படி படத்துக்கு ஒரு விளக்கம் எழுதினேன். ஓரத்தின் நிறம், ரோஜாக்கள், மொட்டுகள், புறா பார்க்கும் திசை. கடைசியில் ஜெபம் முழுவதும். திருப்தியாக இருந்தது.

மதியம் அக்கா அழைத்தாள்.

"ஏலே, ஜெபம் போட்டிருக்கியா, பூக்கடை போட்டிருக்கியா?"

"கடைசியில முழுசும் இருக்கே, அக்கா."

"அதான் கேடு. ஒரு வரி மறந்தா அந்த வரிக்கு மட்டும் திரும்பிப் போவ வழியில்ல. மொத ரோஜாவுல இருந்து கேக்கணும். புறா எனக்கு மனப்பாடம் ஆயிட்டு. ஜெபம் ஆவல்ல."

"படத்துல உள்ளத எல்லாம் சொல்லணும்லா..."

"நீ பூவ எண்ணிட்டுத்தானா ஜெபம் வாசிப்ப?"

சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஜெபத்தைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவே, வரி வரியாகத் தட்டச்சு செய்தேன். சபையார் பதில் சொல்லும் இடங்களைத் தனி வரியாக்கினேன். விளக்கத்தை வெறுமையாக விட்டால் கைபேசி படத்தைத் தாண்டிவிடும். வெறுமையாக விடத்தான் எனக்குக் கை வரவில்லை. விளக்கத்திலிருந்த ரோஜாக்களை அழித்தேன். பிறகு புறாவையும்.

கண்ணை மூடிக்கொண்டு என் கைபேசியிலும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அவளுக்குத் தெரிவித்தேன். மாலையில் ஐக்கியத் தலைவி அழைத்து, கீழே வெறும் எழுத்து கிடந்து படத்தின் அழகைக் கெடுக்கிறது என்றார். அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

ஞாயிறு காலை, காப்பிக்கும் முன்னால், தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவை அழைத்தேன். அவள் ஜெபத்தைச் சொன்னாள். சபையாருக்குப் பதிலாக நான், "கர்த்தாவே, கேட்டருளும்" என்றேன். கடைசி வரிவரை அவள் எங்கும் நிற்கவில்லை.