சீனி போடாத ஷம்பேன்

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. வெட்கம்தான் காரணம். இன்றும் வீட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தால், என் கை தானாக அதைக் கால்வாசி திருப்பி வைக்கும். "இஞ்சேருங்க, அது உங்கட முதலாளிக் கிழவர்ட போத்தல் இல்ல, என்ர எண்ணெய்," என்று மனைவி பகிடி பண்ணுவாள். நான் சிரிப்பதில்லை.

இலங்கையில், மாம்புரிக் கடற்கரையில் வலை இழுத்த நான், பிரான்சில் ஒரு குடும்பத்தின் நிலவறையில் ஷம்பேன் போத்தல் திருப்புகிறவனானேன். கழுத்துக் கீழாகச் சாய்த்து வைத்த போத்தல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப, மண்டி கழுத்துக்கு இறங்கும். மண்டி எடுக்கத் திறக்கும்போது பாண் சுடும் போறணையின் மணம் வரும். விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சந்தியில் வருகிற அதே மணம். மூக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நாவுக்குத் தெரியாது. மகன் கைக்குழந்தையாக மூச்சுத் திணறிக் கிடந்தபோது, தலவிலக் கோயிலுக்குப் போய்ப் புனித அன்னம்மாளின் காலடியில், இனிக் குடிவகை தொடமாட்டேன் என்று நேர்ந்தவன் நான். அதுவரை நன்றாகக் குடித்தவன். பிள்ளை பிழைத்தான். ஆனால் நேர்த்தியைப் பற்றி முதலாளிக் கிழவரிடம் சொல்லவில்லை. குடிக்காதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அனுப்பிவிட்டால்?

கொண்டாட்டம் வந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவிவிடுவேன். கிழவர் பொறுப்பை மகள் எலீஸிடம் கொடுத்த அன்று அது முடியவில்லை. வீட்டின் பழைய ஷம்பேனைத் திறந்து, தன் கையாலேயே எனக்கு ஊற்றினார். அவர் மறுபக்கம் திரும்பிய நேரம் கிளாஸை வடிகானில் கவிழ்த்தேன்.

"எப்படி?" என்றார்.

"நல்ல இனிப்பு, முசியே."

வெறும் கிளாஸைப் பார்த்தார். "அப்படியா," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த குளிருக்குள் கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டார். அடக்கம் முடிந்து வந்து எலீஸ் சொன்ன கதையை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"அப்பாட தகப்பன் சண்டைக்குப் போய்த் திரும்பி வரல்ல. அந்த வருஷம் அப்பாட தாய்தான் தனிய நிண்டு வைன் செய்தவ. வாங்குற ஆக்கள் இனிப்புக் கேட்டவங்க. துக்கத்துக்கு எதுக்குச் சீனி எண்டுட்டா. அண்டையிலயிருந்து எங்கட ஷம்பேன்ல சீனி இல்ல. பச்சை அப்பிள் மாதிரிப் புளிக்கும், கடைசியில உப்புத் தட்டும்."

என் முகம் செத்துப்போயிற்று.

"நீங்க குடிக்கல்ல எண்டு அப்பாக்குத் தெரியும். கேட்டா அவன் வெட்கப்படுவான், கேளாத எண்டார்."

அப்போதுதான் நேர்த்தியைச் சொன்னேன்.

"அதைச் சொல்லியிருந்தா, அப்பா அண்டைக்கு உங்களோட தண்ணி குடிச்சிருப்பார்."

போகும்போது அந்த ஷம்பேனில் ஒரு போத்தலைத் தந்தாள். தலவிலவிலிருந்து கொண்டுவந்த அன்னம்மாள் சுரூபத்துக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. திறக்க நேர்த்தி விடாது. யாருக்கும் கொடுக்க மனம் விடாது. செபத்துக்கு முழந்தாளிடும்போது இரண்டும் என்னைப் பார்க்கின்றன. அன்னம்மாளுக்குச் சொன்ன சொல்லைக் காத்தேன். அந்த மனிதரிடம் பொய் சொன்னேன்.

ஊரிலோ இங்கேயோ இதை யாருக்காவது சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். பிறகு நான் ஒரு வாய் குடித்தேன் என்றோ, கிழவர் மன்னித்தார் என்றோ சேர்க்க வேண்டாம். சீனி போடாமல் சொல்லுங்கள்.