மூடிக் கிடந்த டிரைவ்-இன்னில் ராசன் கார் பழகிய காலை

ஈரக் காபெட்டும் யாரோ பிடித்துவிட்டுப் போன சிகரெட்டும் கலந்த ஒரு மணம்... அந்தப் பழைய காரின் ஹீட்டரைப் போட்டால் அதுதான் முதலில் வரும். சூடு பிறகுதான் வரும், அதுவும் மனம் வந்தால்.

1987. ஊரை விட்டு வந்து ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் நாங்கள் நாலு பெடியள். கார் ராசனுடையது, லைசன்ஸ் என்னுடையது. லைசன்ஸ் எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் நான்தான் அவனுக்கு மாஸ்டர்!

ராசன் மட்டக்களப்புப் பக்கம். நல்ல பகிடிக்காரன். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரீ வேணுமா என்று கேட்டால் வாயைத் திறந்து "ஓம்" என்பான், தலையை மட்டும் ஆட்டவே மாட்டான். கழுத்துப் பிடிப்பு மாப்பிள்ளை என்று நக்கலடிப்போம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

மார்க்கம் என்ற இடத்தில் ஒரு பாக்டரியில் அவனுக்கு வேலை சரிவந்திருந்தது. பஸ் போகாத இடம். மாத முடிவுக்குள் லைசன்ஸோடு வா, இல்லையென்றால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று போர்மன் சொல்லிவிட்டார். அந்த வேலை இருந்தால்தான் ஊரில் இருக்கும் மனைவி மலரை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடலாம். அங்கே நிலைமை நாளுக்கு நாள் மோசம். ராசனுக்கு நித்திரையே இல்லை.

லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டுகிற முதல் ரோட் ரெஸ்ட்டில் பெயில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ரோட்டை மறிக்கிற ஒரு அம்மா கையைக் காட்டினார். ராசன் காரை நிப்பாட்டினான். அத்தோடு விட்டிருக்கலாம்... எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றானாம்.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ரோட்டில் பழக அவனுக்குப் பயம். ஆளில்லாத வெளி ஒன்று வேணும். நான் கோப்பை கழுவிய ரெஸ்ரோறன்ரின் குக்தான் யோசனை சொன்னார். காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டர்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள், நகரத்துக்கு வெளியே வயலுக்கு நடுவில் பெரிய வெள்ளைச் சுவர் நின்றால் அதுதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போனோம். ஒன்றில் பழைய சாமான் சந்தை. இன்னொன்றில் சங்கிலி போட்ட கேற், அதற்குப் பின்னால் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். கடைசியில் ரூஜ் ஆற்றைத் தாண்டி, விட்பிப் பக்கம் போகிற ஒரு பழைய ரோட்டில் அகப்பட்டது.

விடிந்து வெகுநேரமாகியும் பனிப்புகார் கலையவில்லை. திரையில் பாதித் தகடு கழன்று இரும்புச் சட்டம்தான் நின்றது. காரின் மூக்கு திரையைப் பார்த்து நிமிர வேணும் என்பதற்காக, தரையில் வரிசை வரிசையாக மண் திட்டி எழுப்பியிருந்தார்கள். திட்டி நெடுக இடுப்பளவுத் தூண்கள். படத்தின் சத்தம் காருக்குள் கேட்க அதிலேதான் ஸ்பீக்கர் கொழுவியிருப்பார்களாம். இப்போது பெரும்பாலும் மொட்டைத் தூண்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பெட்டி வயரில் தொங்கியது.

எனக்கு அந்த இடம் பிடிக்கவேயில்லை. ஆட்கள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது...

முதல் வரிசையை ராசன் அருமையாக ஓட்டினான். இரண்டாவதில் மெதுவானான். மூன்றாவதில் ஊர்ந்தான். பிறகு பிரேக்.

"மச்சான், அதுல ஒருத்தன் தலையாட்டுறான்."

பார்த்தேன். ஒரு தூணில் தொங்கிய பெட்டி முன்னுக்கும் பின்னுக்குமாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினேன். காற்றே இல்லை. புல் நுனிகூட அசையவில்லை. மற்றப் பெட்டிகள் எல்லாம் சும்மா தொங்கின.

அப்போதுதான் சொன்னான். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்று. ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை வரிசையாக நிறுத்தினார்களாம். வரிசை ஓரமாக ஒரு ஜீப் ஊர்ந்து வந்தது. உள்ளே தலையாட்டி. சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஆள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். ராசனுக்கு முன்னால் ஜீப் நின்றது. சாக்கு அசையவில்லை. பக்கத்தில் நின்ற அவனுடைய தம்பிக்கு முன்னால் நின்றது. அசைந்தது. தம்பி திரும்பி வரவேயில்லை.

"இப்ப நான் வண்டிக்குள்ள இருக்கன் மச்சான்," என்றான்.

கழுத்துப் பிடிப்பு என்று நக்கலடித்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்குப் போவோம் என்றேன். அவன் கேட்காமல் இறங்கினான். கையைத் தூக்கப்போகிறான் என்று பயந்தேன்.

தூக்கவில்லை. பனிப்புகாருக்குள் நடந்துபோய் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தான். அழுகிற பிள்ளையின் முகத்தைப் பிடிக்கிற மாதிரி, அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தூணின் கொளுக்கியில் பக்குவமாக மாட்டிவிட்டு வந்தான்.

"ஒருத்தனுக்கு முன்னாலயும் நிப்பாட்ட மாட்டன்."

சொல்லிவிட்டு கியரைப் போட்டான். வரிசை வரிசையாக, கடைசித் தூண்வரை ஓட்டினான். எந்தத் தூணுக்கு முன்னாலும் அவன் கால் பிரேக்கைத் தொடவில்லை. அடுத்த கிழமை ரெஸ்ட் பாஸ். வேலையும் கிடைத்தது. கொஞ்சக் காலத்தில் மலரும் வந்து சேர்ந்தார்.

போன மாதம் நாங்கள் இருவரும் அந்த இடத்தைத் தேடிப் போனோம். ராசனின் இப்போதைய கார் தானாகவே பிரேக் பிடிக்கும், உட்காருகிற சீற்றும் சூடாகும். ஒரு மணமும் இல்லை. அங்கே வெளி முழுக்க வீடுகள். ஒரு வேலியோரம் புல்லுக்குள் மண் திட்டி கொஞ்சம் மிச்சமிருந்தது, அதில் துருப்பிடித்த ஒரு தூணின் அடி. அன்றைக்கு டயரில் வயர் ஏதும் சிக்கித்தான் பெட்டி ஆடியிருக்கும் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். வயர் டயரில் சிக்க வழியில்லாமல் அந்தத் தூணுக்குள்ளாலேயே மண்ணுக்குள் இறங்கியிருந்ததைப் பார்த்ததும் அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

"இதுதானே மச்சான் இடம்?" என்று கேட்டேன்.

"ஓம்."

வாயால்தான் சொன்னான். தலை அசையவில்லை. பதிலுக்குத் தலையாட்டப் போன நானும் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.